ஒற்றைப் பிக்சல் கேமராவின் பகுதிறனை எதைக்கொண்டு அளப்பது? ஐந்து முறைகள், ஓர் ஒப்பீடு

ஒற்றைப் பிக்சல் கேமராவைக் கட்டி முடித்து முதல் படத்தையும் எடுத்துவிட்ட மாணவர்களும் பொறியாளர்களும் அடுத்ததாகத் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அறிக்கையில் ‘பகுதிறன்’ (எவ்வளவு நுண்ணிய விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்னும் அளவு) என்ற சொல்லுக்கு எதிரே என்ன எண்ணை எழுதுவது? பட்டை அட்டையை வைத்துப் படமெடுப்பதா, சாய்விளிம்பிலிருந்து எம்டிஎஃப் (விவரம் நுண்ணியதாக ஆக ஒளிமாறுபாடு எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் வளைவு) கணக்கிடுவதா, ஃபூரியர் வளைய ஒட்டுறவைப் பார்ப்பதா என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், சாதாரணக் கேமராவுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிதான். அந்த வழிகாட்டி இங்கே அப்படியே பொருந்தாது. எங்கே பொருந்துகிறது, எங்கே தவறான எண்ணைத் தருகிறது என்பதை முறைவாரியாக எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கேமராவில் பட உணரி என்று தனியாக ஒன்று கிடையாது. காட்சியின் பிம்பம் டிஎம்டி எனப்படும் நுண்ணாடி அணியின்மேல் விழுகிறது. அந்த ஆடிகள் அடுத்தடுத்துக் கறுப்பு வெள்ளைக் கோலங்களை இடுகின்றன. ஒவ்வொரு கோலத்திலும் திறந்திருக்கும் ஆடிகளிலிருந்து வரும் ஒளி முழுவதும் ஒரே ஃபோட்டோடையோடில் குவிந்து ஓர் எண்ணாகிறது. ஆயிரக்கணக்கான கோலங்களுக்கு ஆயிரக்கணக்கான எண்கள் சேர்ந்தபின், கணக்கீட்டால் படம் மீட்டுருவாக்கப்படுகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2006-இல் இதைச் செய்துகாட்டியபோது, பிக்சல்களின் எண்ணிக்கையைவிடக் குறைந்த அளவீடுகளிலிருந்தே படத்தை மீட்கலாம் என்னும் சுருக்க உணர்தல் கோட்பாடும் அப்போதுதான் வடிவம் பெற்றிருந்தது. இரண்டும் சேர்ந்து வளர்ந்ததால், பகுதிறன் என்பது வில்லையும் உணரியும் மட்டும் தீர்மானிக்கும் பண்பாக இங்கே இருக்கவில்லை. எந்தக் கோலங்கள், எந்த வரிசையில், எத்தனை, எந்த நிரல், எவ்வளவு இரைச்சல் ஆகியவற்றோடு எதிரே இருக்கும் பொருளும் அதில் பங்கு வகிக்கிறது.

## பெயரளவு எண் ஏன் போதாது

‘64 × 64’ என்பது மீட்டுருவாக்கத்துக்கு நாம் தேர்ந்துகொண்ட கட்டங்களின் எண்ணிக்கை. அதைப் பகுதிறனாக எழுதுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதை வால்ஷ் கோலங்களைக் கொண்டு துல்லியமாகக் காட்டலாம்.

64 × 64 கட்டங்களுக்கு முழுமையான ஹாடமார்ட் தொகுதியில், அதாவது +1, −1 மதிப்புகளாலான, ஒன்றையொன்று சாராத கோலங்களின் தொகுதியில், 4,096 கோலங்கள் உண்டு. நேரத்தை மிச்சப்படுத்த, அவற்றை வால்ஷ் வரிசையில், அதாவது கறுப்பும் வெள்ளையும் மாறும் எண்ணிக்கையின் ஏறுவரிசையில், அடுக்கி, இரு திசைகளிலும் குறைந்த மாற்ற எண்ணிக்கை கொண்ட 32 × 32 கோலங்களை மட்டும், அதாவது 25 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆனால் 64 நீளமுள்ள வால்ஷ் சார்புகளில் முதல் 32-உம், 32 நீளமுள்ள சார்புகளின் ஒவ்வொரு மதிப்பையும் இரட்டித்து எழுதியவையே. ஆகவே நேரடி எதிர்மாற்றத்தால் கிடைக்கும் படத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள் எப்போதும் ஒரே மதிப்பையே கொண்டிருக்கும். கோப்பின் அளவு 64 × 64. அதற்குள் இருப்பது 32 × 32 படம். எந்த அட்டையையும் எதிரே வைக்காமலேயே பகுதிறன் பாதியாகிவிட்டது. இதே 25 விழுக்காட்டைத் தற்செயலாகப் பொறுக்கி, அண்டைக் கட்டங்களின் வேறுபாடுகளின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் டோட்டல் வேரியேஷன் போன்ற கட்டுப்பாட்டுடன் மீட்டிருந்தால் விளைவு வேறு. கட்ட எண்ணிக்கையையும் அளவீட்டு விகிதத்தையும் மட்டும் படிப்பவருக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

## எந்த அளவுகோல்களால் ஒப்பிடுகிறோம்

முதலாவது அளவுகோல், நேரியலற்ற மீட்டுருவாக்கத்திலும் அந்த முறைக்குப் பொருள் இருக்கிறதா என்பது. முழு ஹாடமார்ட் தொகுதியை எடுத்து எதிர்மாற்றம் செய்தால் கேமரா நேரியல் அமைப்பு: ஒளி இரட்டித்தால் படத்தின் மதிப்பும் இரட்டிக்கும். புள்ளிப் பரவல் சார்பு (ஒரு புள்ளி படத்தில் எவ்வளவு பரவித் தெரிகிறது என்பது), எம்டிஎஃப் ஆகிய கருத்துகள் முழுமையாகச் செல்லும். சுருக்க உணர்தலில் அப்படி அன்று. நிரல் ஏற்கெனவே ஒருவகைப் படத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சோதனை அட்டை அந்த எதிர்பார்ப்புக்கு ஒத்துப்போனால் எண் செயற்கையாக உயரும். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். முறையைத் தேரும்போது பலர் கவனிக்காமல் விடுவதும் இதையே.

இரண்டாவது, அட்டை கட்டங்களின்மேல் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறதா என்பது. கட்டங்கள் சிலவே இருக்கும் இக்கேமராக்களில் அரைக் கட்ட நகர்வே தீர்ப்பை மாற்றிவிடும். மூன்றாவது, ஒளி குறைந்து இரைச்சல் கூடும்போது எண்ணும் அதற்கேற்பக் குறைகிறதா என்பது. நான்காவது, பொருள்தளத்தில் மில்லிமீட்டருக்கு இத்தனை கோட்டிணை (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது) என்று பிறரோடு ஒப்பிடத்தக்க எண் கிடைக்கிறதா என்பது. கடைசியாக, அட்டையின் விலை, கூடுதல் அளவீட்டு நேரம், கணிப்பு நேரம், வேலை செய்யும் அலைநீளத்தில் அந்த அட்டைக்கு ஒளிமாறுபாடு இருக்கிறதா என்பன போன்ற மறைமுகச் செலவுகள்.

எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதற்காக ஓர் எடுத்துக்காட்டுக் கேமராவை எடுத்துக்கொள்வோம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 1024 × 768 ஆடிகள் கொண்ட டிஎம்டி. ஆடிகளின் இடைவெளி 13.68 மைக்ரோமீட்டர். நடுவிலுள்ள 768 × 768 ஆடிகளை 12 × 12 ஆகச் சேர்த்தால் 64 × 64 கூட்டுப் பிக்சல்கள். வில்லை காட்சியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்குகிறது என்றால், பொருள்தளத்தில் ஒரு கூட்டுப் பிக்சல் 1.64 மில்லிமீட்டர் அகலம். பார்வைப் புலம் ஏறத்தாழ 105 மில்லிமீட்டர். நைக்விஸ்ட் எல்லை, அதாவது ஒரு கோட்டிணைக்கு இரண்டு கூட்டுப் பிக்சல் என்னும் மிக நுண்ணிய அளவு, மில்லிமீட்டருக்கு 0.305 கோட்டிணை. டிஎம்டி நொடிக்கு ஏறத்தாழ 22,000 கோலங்களை மாற்றும். ஒவ்வொரு கோலத்துக்கும் அதன் எதிர்க்கோலத்தையும் காட்டினால் 8,192 கோலங்கள். ஒரு முழுப் படத்துக்கு 0.37 நொடி. இதே கணக்கில் 256 × 256 படத்துக்கு 1,31,072 கோலங்களும் ஏறத்தாழ 6 நொடியும் ஆகும்.

| முறை | நேரியல் மீட்பு | நேரியலற்ற மீட்பு | கட்டநிலைச் சார்பு | பெரிய மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| பட்டை அட்டை | பயன்படும் | ஏமாற்றும் | மிக அதிகம் | பார்ப்பவரின் தீர்ப்பு |
| சாய்விளிம்பு | மிகச் சிறந்தது | மிகவும் ஏமாற்றும் | குறைவு | ஒளிச் செறிவின் நேரியல்பைக் காக்கும் உழைப்பு |
| சீமென்ஸ் நட்சத்திரம் | நன்று | சாம்பல் ஏற்றத்தாழ்வுடன் நன்று | குறைவு | அளவுத்திருத்தம் செய்த அச்சு |
| சிறுமாற்றச் சோதனை | தேவையில்லை | மிகச் சிறந்தது | இடத்துக்கு இடம் மாறும் | கணிப்பு நேரம் |
| ஃபூரியர் வளைய ஒட்டுறவு | நன்று | கவனத்துடன் | குறைவு | அளவீடுகளைப் பிரிக்கும் விதம் |

## பட்டை அட்டை

அமெரிக்க விமானப் படையின் 1951-ஆம் ஆண்டு அட்டை இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களின் முதல் தேர்வு. மூன்று பட்டைகள் தனித்தனியாகத் தெரியும் மிக நுண்ணிய தொகுப்பைக் கண்டு, அதன் தொகுதி எண், உறுப்பு எண் ஆகியவற்றிலிருந்து அதிர்வெண்ணைப் படிக்கலாம். 0-ஆம் தொகுதியின் முதல் உறுப்பு மில்லிமீட்டருக்கு ஒரு கோட்டிணை. ஒவ்வொரு உறுப்புக்கும் அது ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுகிறது.

நம் எடுத்துக்காட்டுக் கேமராவுக்கு 0-ஆம் தொகுதியே மிக நுண்ணியது. −2-ஆம் தொகுதிக்குப் போக வேண்டும்: முதல் உறுப்பு 0.250, இரண்டாவது 0.281, மூன்றாவது 0.315. நைக்விஸ்ட் எல்லையான 0.305 இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் விழுகிறது. முதல் உறுப்பில் பட்டையின் அகலம் 2 மில்லிமீட்டர். மூன்று பட்டைகளும் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து 10 மில்லிமீட்டர். அதாவது ‘பிரிந்து தெரிகிறது’ என்ற தீர்ப்பு முழுவதும் வரிசையாக இருக்கும் ஆறு கூட்டுப் பிக்சல்களின் மதிப்புகளில் நிற்கிறது. அட்டையை அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அந்த ஆறு மதிப்புகளும் வேறாகிவிடும், சில நிலைகளில் மூன்று பட்டைகள் இரண்டாகத் தோன்றும். பட்டை அட்டையைப் பயன்படுத்துவோர் குறைந்தது நான்கைந்து நிலைகளுக்காவது அதை நகர்த்தி, எல்லா நிலைகளிலும் பிரிந்த உறுப்பை மட்டுமே அறிவிக்க வேண்டும்.

சுருக்க உணர்தலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. டோட்டல் வேரியேஷன் கட்டுப்பாடு சமதளத் துண்டுகளாலான படங்களை விரும்புவது; பட்டை அட்டையோ சமதளத் துண்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லாத பொருள். கண்ணாடியில் குரோமியம் படியவைத்த முழு மாறுபாட்டு அட்டை துல்லியமாக மீளும். அதே பட்டைகளை வெளிர்சாம்பலில் அச்சிட்டு வைத்தால் நிரல் அவற்றை இரைச்சலாகக் கருதித் துடைத்துவிடக்கூடும்.

பட்டை அட்டை பொருந்தும் இடமும் உண்டு. கேமராவைக் கட்டும்போது குவியம் சரியா, ஒத்திசைவு சரியா என்று விரைவாகச் சோதிக்கவும், முழு ஹாடமார்ட் தொகுதியோடு இயங்கும் இரு கருவிகளை அருகருகே ஒப்பிடவும் இதைவிட எளியது இல்லை. ஃபோட்டோடையோடின் பெருக்கி மெதுவாக இருந்தால் ஒரு கோலத்தின் ஒளி அடுத்த கோலத்தின் எண்ணில் கசியும். கட்டத்துக்குக் கட்டம் வருடும் முறையில் அது வரித்திசையில் மங்கலாகவும், ஹாடமார்ட் முறையில் படமெங்கும் சிதறிய போலிப் பட்டைகளாகவும் தெரியும். இந்த வேறுபாட்டைப் பட்டை அட்டை ஒரே பார்வையில் காட்டிக்கொடுக்கும்.

## சாய்விளிம்பும் எம்டிஎஃப்-உம்

ஐஎஸ்ஓ 12233 தரநிலையின் வழியாகக் கேமராத் துறை முழுவதும் பரவிய முறை இது. கட்டவரிசைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்த ஒரு கறுப்பு வெள்ளை விளிம்பைப் படமெடுத்து, ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் விளிம்பிலிருந்து அதன் தொலைவுக்கு எதிரே அடுக்கினால், பிக்சலைவிட நுண்ணிய படிகளில் விளிம்பு வளைவு கிடைக்கிறது. அதை வகையிட்டு ஃபூரியர் மாற்றம் செய்தால் எம்டிஎஃப். 5 பாகைச் சாய்வில் விளிம்பு ஒரு கட்டம் நகர ஏறத்தாழ 11 வரிகள் வேண்டும். 64 வரிகளில் ஐந்து முறைக்கு மேல் கட்ட எல்லையைக் கடந்துவிடுவதால் சிறிய படத்துக்கும் இது போதும். அட்டையின் நிலையைச் சாராமை இம்முறையின் பெரும் பலம்.

முழுத் தொகுதியோடு நேரியலாக மீட்கும் கேமராவுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். காரணம், எதிர்பார்க்க வேண்டிய விடை முன்கூட்டியே தெரியும். சதுரக் கூட்டுப் பிக்சலின் எம்டிஎஃப் ஒரு சிங்க் சார்பு, அதாவது sin(πx)/πx வளைவு. நைக்விஸ்ட் எல்லையில் அதன் மதிப்பு 0.64, அது 0.5-ஆகக் குறைவது கூட்டுப் பிக்சலுக்கு 0.60 சுழற்சி என்னும் அதிர்வெண்ணில். வில்லையின் மங்கல் இதை இன்னும் குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. ஆகவே உங்கள் கேமராவின் எம்டிஎஃப் 50 விழுக்காட்டுப் புள்ளி 0.60-க்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அந்த அளவுக்கு வில்லை, குவியம், ஆடித்தளத்தின் சாய்வு ஆகியவற்றில் இழப்பு இருக்கிறது.

அதே 0.60 இன்னொரு வகையிலும் காவல் எல்லை. கோலங்களைக் கூட்டுப் பிக்சலைவிடச் சிறிய படிகளில் நகர்த்தி அளக்காத வரை, அதைத் தாண்டிய எண் ஒளியியலிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. டோட்டல் வேரியேஷன் மீட்டுருவாக்கத்தில் இது எப்படி நேர்கிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். சாய்ந்த விளிம்பு பல கட்டங்களின் குறுக்கே ஓடுகிறது. உண்மையில் அக்கட்டங்கள் விளிம்பு மூடியிருக்கும் பரப்புக்கேற்ப 0.2, 0.5, 0.8 போன்ற இடைமதிப்புகளைப் பெற வேண்டும். வலுவான கட்டுப்பாடு அந்த இடைமதிப்புகளைத் தின்றுவிடுகிறது: கட்டத்தின் நடுப்புள்ளி விளிம்பின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப 0 அல்லது 1-ஐ நோக்கித் தள்ளுகிறது. அது முழுமையாக நடந்துவிட்டால், நடுப்புள்ளியின் தொலைவுக்கு எதிரே வரையும் விளிம்பு வளைவு செங்குத்தான படியாகிவிடும். எம்டிஎஃப் எல்லா அதிர்வெண்களிலும் 1-ஐ ஒட்டி நிற்கும். படம் உண்மையில் படிக்கட்டு விளிம்போடு மோசமாகியிருக்கிறது. எண்ணோ குறையே இல்லாத கேமரா என்கிறது.

மறைமுகச் செலவு, மதிப்புகளைத் தொடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. ஹாடமார்ட் எதிர்மாற்றத்தில் இரைச்சலால் எதிர்மறை மதிப்புகள் வரும். அவற்றை 0-வாக வெட்டுவது, படத்தைப் பார்வைக்காக நீட்டிச் சேமிப்பது, எட்டுப் பிட்டாகச் சுருக்குவது ஆகியவை விளிம்பு வளைவின் அடியையும் தலையையும் சிதைத்து எம்டிஎஃப்-ஐ மாற்றிவிடும். மீட்டெடுத்த மிதவைப்புள்ளி எண்களிலேயே கணக்கை முடிக்க வேண்டும்.

## சீமென்ஸ் நட்சத்திரம்

நடுப்புள்ளியிலிருந்து விரியும் ஆரைகளால் ஆன வட்டம் இது. நடுவை நெருங்க நெருங்க ஆரைகளின் இடைவெளி குறைவதால், ஒரே படத்தில் அதிர்வெண்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. எல்லாத் திசைகளும் ஒருசேர அளக்கப்படுகின்றன. திசைச் சார்பு இங்கே வெறும் ஏட்டுப் பேச்சன்று. இந்த டிஎம்டியின் ஆடிகள் மூலைவிட்டத்தை அச்சாகக் கொண்டு 12 பாகை சாய்பவை. சில சிறிய டிஎம்டிகளில் ஆடிகளே வைர வடிவ அடுக்கில் இருப்பதால் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் இடைவெளி ஒன்றாக இராது. சாய்விளிம்பு இரண்டு திசைகளில் சொல்வதை நட்சத்திரம் சுற்றிலும் சொல்லிவிடும்.

36 சுழற்சிகள் கொண்ட நட்சத்திரத்தை நம் கேமரா முன் 50 மில்லிமீட்டர் ஆரத்தில் வைத்தால், வெளிவிளிம்பில் மில்லிமீட்டருக்கு 0.115 கோட்டிணை, நைக்விஸ்ட் எல்லை நடுவிலிருந்து 18.8 மில்லிமீட்டரில் விழும். அந்த வட்டத்தில் ஏறத்தாழ 72 கூட்டுப் பிக்சல்கள் இருப்பதால் ஒளிமாறுபாட்டை நம்பிக்கையோடு கணக்கிடலாம்.

சுருக்க உணர்தல் கேமராவுக்கு ஓர் அட்டைதான் வாங்க முடியும் என்றால், ஆரைகள் கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டென மாறாமல் சைன் வளைவாக ஏறி இறங்கும் நட்சத்திரத்தையே நான் தேர்வேன். படிப்படியாக மாறும் சாம்பல் நிறங்களை டோட்டல் வேரியேஷன் விரும்புவதில்லை. அவற்றைப் படிக்கட்டுகளாக உடைக்கும். எனவே அட்டை நிரலுக்குச் சாதகமாக நடந்துகொள்ளாது. ஒரே நட்சத்திரத்தை முழு மாறுபாட்டிலும் 20 விழுக்காடு மாறுபாட்டிலும் எடுத்து, இரண்டு வளைவுகளையும் அந்தந்த அட்டையின் மாறுபாட்டால் வகுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வரையுங்கள். நேரியல் அமைப்பில் அவை ஒன்றிவிடும். விலகினால், விலகும் அளவே உங்கள் நிரலின் தலையீடு.

கூட்டுப் பிக்சல்கள் பெரியவை என்பதால், கட்புல ஒளிக்குச் சாதாரண லேசர் அச்சே போதும். அச்சுப் புள்ளிகள் கேமராவுக்குத் தெரியவே தெரியா. ஆனால் கோப்பில் 50 விழுக்காடு என்று கொடுத்த சாம்பல் தாளில் 50 விழுக்காடாக எதிரொளிக்காது. சாம்பல் படிகளை ஒளிமானியால் அளந்து திருத்தாவிட்டால் சைன் வளைவு கெட்டுவிடும்.

## புள்ளி மூலமும் சிறுமாற்றச் சோதனையும்

ஊசித்துளையின் பின்னே விளக்கை வைத்துப் புள்ளிப் பரவல் சார்பை நேரடியாக எடுக்கும் பழைய வழி, சுருக்க உணர்தலில் மிக மோசமான தேர்வு. இருட்டில் ஒரே ஒரு புள்ளி என்பது இருக்கக்கூடியவற்றில் மிக ஐதான (பெரும்பாலான கட்டங்கள் சுழியாகவே உள்ள) படம். கோட்பாட்டின்படி அத்தகைய படத்தை மீட்க மிகச் சில அளவீடுகளே போதும். 5 விழுக்காட்டு அளவீட்டிலும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிய கூர்மையான புள்ளி வந்து நிற்கும்; அதே அமைப்பு ஒரு முகத்தைப் படமெடுத்தால் கண்ணும் புருவமும் கலந்திருக்கும்.

இதற்கு மாற்றாக இருப்பது, உண்மையான காட்சியின்மேல் ஒரு சிறுமாற்றத்தைச் சேர்த்து, சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டுருவாக்கிய படங்களைக் கழித்துப் பார்ப்பது. பாசிட்ரான் உமிழ்வு வரைவி போன்ற மருத்துவப் படத்துறையில் நேரியலற்ற மீட்டுருவாக்கங்களுக்கு இது நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. நம் கேமராவில் இதைக் கணினியிலேயே செய்யலாம். எந்தக் கட்டத்தில் மாற்றம் வேண்டுமோ அக்கட்டம் ஒவ்வொரு கோலத்திலும் திறந்திருந்ததா என்பது தெரியும். திறந்திருந்த கோலங்களின் அளவீட்டு எண்ணில் ஒரு சிறு தொகையைக் கூட்டி, நிரலை மறுபடி ஓட்டினால் போதும். வேறுபாட்டுப் படத்தின் அகலமே அந்த இடத்தின் பகுதிறன்.

இந்தச் சோதனை காட்டும் உண்மையை வேறெந்த அட்டையும் காட்டாது: ஒரே படத்துக்குள் பகுதிறன் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. டோட்டல் வேரியேஷனில், வலுவான விளிம்பின் ஓரத்தில் வைத்த சிறுமாற்றம் ஓரளவு அந்த இடத்திலேயே மீளும். சமதளப் பகுதியின் நடுவே வைத்தது அத்தளம் முழுவதும் பரவிக் கரைந்துவிடும். மெல்லிய கீறலையோ வாயுக் கசிவின் மங்கலான ஓரத்தையோ தேடுபவருக்கு, படத்தின் சராசரிப் பகுதிறனைவிடச் சமதளத்தின் பகுதிறனே தேவை.

செலவு கணிப்பு நேரத்தில் இருக்கிறது. சோதிக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முழு மீட்டுருவாக்கம் ஓட வேண்டும். சிறுமாற்றத்தின் அளவையும் இரண்டு மூன்று மடங்குகளில் மாற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் விடை அதையும் சார்ந்தது. கணினியில் மட்டும் செய்தால் வில்லையின் மங்கல் கணக்கில் வராது என்பதால் நட்சத்திர அளவீடு ஒன்று துணைக்கு வேண்டும். பயிற்றுவித்த நரம்பியல் வலையால் மீட்பவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம் என்றே சொல்வேன். பயிற்சியில் பார்த்த வகைப் படங்களை அது எவ்வளவு கூர்மையாகத் தந்தாலும், அதில் இல்லாத சிறு விவரம் ஒன்றைச் சேர்த்தால் மீளுமா என்பதே அங்கு உண்மையான கேள்வி.

## ஃபூரியர் வளைய ஒட்டுறவு

எலக்ட்ரான் நுண்ணோக்கியியலில் 1980-களில் பிறந்து, பின்னர் மீத்தெளிவு ஒளி நுண்ணோக்கிகளுக்கும் வந்த முறை. ஒரே பொருளின் இரண்டு தனித்தனிப் படங்களை ஃபூரியர் மாற்றம் செய்து, ஒவ்வொரு அதிர்வெண் வளையத்திலும் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுவது; ஒட்டுறவு ஒரு வரம்புக்கு, பெரும்பாலும் 1/7-க்கு, கீழே இறங்கும் அதிர்வெண்ணே பகுதிறன். அட்டை தேவையில்லை, எந்தக் காட்சியையும் கொண்டு அளக்கலாம், இரைச்சல் தானாகவே கணக்கில் சேர்கிறது. அட்டையை உள்ளே வைக்க முடியாத இடங்களில் இயங்கும் கேமராவுக்கு இவை பெரிய அனுகூலங்கள்.

ஆனால் அளவீடுகளை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கோலங்களைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதுதான் முதலில் தோன்றும். தற்செயல் கோலங்களுக்கு அது செல்லும். ஒவ்வொரு பாதியிலும் அளவீடு பாதியே என்பதால் விடை கேமராவின் திறனைக் குறைத்துக் காட்டும், அவ்வளவே. ஹாடமார்ட் போன்ற செங்குத்துத் தொகுதியில் (எந்த இரண்டு கோலங்களின் உட்பெருக்கமும் சுழியாக உள்ள தொகுதியில்) இது அடிப்படையிலேயே தவறு. ஒன்றோடொன்று செங்குத்தான கோலங்களைப் பொதுவானவை இல்லாமல் இரண்டாகப் பிரித்து நேரியலாக மீட்டால், இரு படங்களின் மொத்த உட்பெருக்கமே சுழி. கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒட்டுறவு சரியாகக் கிடைக்காது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு கோலமும் நிற்கும் நேரத்தைப் பிரிப்பது. நொடிக்கு 22,000 கோலங்கள் என்றால் ஒரு கோலம் 45 மைக்ரோநொடி நிற்கும். நொடிக்குப் பத்து லட்சம் மாதிரிகள் எடுக்கும் கருவி அதற்குள் 45 மாதிரிகளை எடுக்கும். ஒற்றைப்படை மாதிரிகள் ஒரு படத்துக்கு, இரட்டைப்படை மாதிரிகள் இன்னொன்றுக்கு என்று பிரிக்கத் தோன்றும். பெருக்கியின் பட்டையகலம் 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருந்தால் அடுத்தடுத்த மாதிரிகளின் இரைச்சல் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்; இரண்டு படங்களும் ஒரே இரைச்சலைப் பகிர்ந்துகொண்டு பொய்யான ஒட்டுறவைத் தரும். 64 × 64 படத்துக்கு 0.37 நொடியே ஆகிறது என்பதால், முழுத் தொகுதியையும் இரண்டு முறை தனித்தனியாக எடுப்பதே பாதுகாப்பானது. 256 × 256-இல் அதற்கு 12 நொடி ஆகும். அதற்குள் ஒளிமூலம் மாறாமலும் பொருள் அசையாமலும் இருக்க வேண்டும்.

எப்படிப் பிரித்தாலும் நீங்காத குறை ஒன்று உண்டு. இம்முறை அளப்பது இரு படங்களின் ஒப்புமையை. படத்துக்கும் பொருளுக்கும் உள்ள ஒப்புமையை அன்று. இரண்டு முறையும் ஒரே 25 விழுக்காட்டுக் கோலங்களை எடுத்தால், குறையளவீட்டால் வரும் போலி உருவங்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் தோன்றி, உண்மைத் தகவலாகக் கணக்கிடப்படும். டோட்டல் வேரியேஷனும் இரு படங்களிலும் ஒரே விளிம்புகளைக் கூராக்கும். இரண்டு முறையும் வெவ்வேறு தற்செயல் கோலத் தொகுதிகளைப் பயன்படுத்தினால் முதல் குறை பெரும்பாலும் தீரும், இரண்டாவது தீராது.

சிறிய படங்களில் வரம்பும் தள்ளாடும். 5 பிக்சல் ஆரமுள்ள வளையத்தில் 31 அளவு புள்ளிகளே உண்டு. அவற்றிலும் பாதி மற்றப் பாதியின் பிரதி. வெறும் இரைச்சலே அங்கு 0.2 அளவுக்கு ஒட்டுறவைக் காட்டலாம், வரம்போ 0.143. ஆகவே 64 × 64 படங்களுக்கு ஒரே ஓர் இணையை நம்பாமல் பல இணைகளின் சராசரியை எடுக்க வேண்டும். 256 × 256-இல் வளையங்கள் பெரிதாவதால் இத்தொல்லை குறைகிறது. மேலும், மீட்டெடுத்த கட்டங்களின் அளவிலேயே கணக்கிடுங்கள். காட்சிக்காகப் பெரிதாக்கிய படத்தில் கணக்கிட்டால், இரண்டு படங்களுக்கும் பொதுவான கட்ட எல்லைகளே உயர் அதிர்வெண் ஒட்டுறவாகத் தோன்றிவிடும்.

## எந்தச் சூழலுக்கு எது

முழு ஹாடமார்ட் தொகுதி, நேரடி எதிர்மாற்றம், அட்டையை வைக்க வசதியுள்ள ஆய்வகம் என்றால் இரு திசைகளிலும் சாய்விளிம்பு போதும், மற்றவை மிகை. ஃபூரியர் கோலங்களால் குறைந்த அதிர்வெண்களை மட்டும் அளப்பவர்களுக்குப் பகுதிறனின் மேல்வரம்பு, அதிர்வெண் தளத்தில் அவர்கள் அளவீட்டை நிறுத்திய வட்டத்தின் ஆரமே. நட்சத்திரத்தால் அதைச் சரிபார்த்தால் சரி. ஆனால் சாம்பல் கோலங்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறடித்துக் காட்டினால், அதற்குச் செலவாகும் ஆடிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுருக்க உணர்தலோ நரம்பியல் வலையோ பயன்படுத்துபவர்கள் ஒரே எண்ணைத் தேடுவதைக் கைவிடுவது நல்லது. இரண்டு மாறுபாட்டு அளவுகளில் சைன் நட்சத்திரம், உண்மைக் காட்சியில் மூன்று நான்கு இடங்களில் சிறுமாற்றச் சோதனை ஆகிய இரண்டும் சேர்ந்தால் படிப்பவருக்கு நேர்மையான விவரம் கிடைக்கும். குறைந்த ஒளி, எட்டாத இடம் என்றால் வேறுவேறு தற்செயல் கோலங்களோடு எடுத்த ஃபூரியர் வளைய ஒட்டுறவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒளியைக் கோலமாக வீசி, பொருளிலிருந்து திரும்புவதை மட்டும் அளக்கும் அமைப்பில் பகுதிறனைத் தருவது வீசும் பக்கத்து வில்லையே. சேகரிக்கும் வில்லை மங்கலாக இருந்தாலும் படம் மங்காது. பழுதைத் தேடுபவர் முதலில் வீச்சுப் பக்கம் பார்க்க வேண்டும்.

அலைநீளம் மாறும்போது அட்டையையும் மாற்ற வேண்டும். ஒற்றைப் பிக்சல் கேமராவின் பயன் பெரிதும் அகச்சிவப்பிலும் டெராஹெர்ட்ஸிலும்தான் இருக்கிறது; கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல சாயங்கள் அகச்சிவப்பில் ஒளியை விட்டுவிடுவதால், தாளில் அச்சிட்ட நட்சத்திரம் வெற்றுத் தாளாகத் தெரியலாம். குற்றலை அகச்சிவப்புக்குக் கண்ணாடியின்மேல் குரோமியம் பொருந்தும். டெராஹெர்ட்ஸுக்கு உலோகத் தகட்டில் வெட்டிய ஆரைகள். விளிம்பு விலகலையும் (துளையோரத்தில் ஒளி வளைந்து பரவுவதையும்) அந்த அலைநீளத்திலேயே கணக்கிட வேண்டும்: எஃப்/8 துளையில் பச்சை ஒளிக்கு 5.4 மைக்ரோமீட்டரான ரேலி எல்லை (இரு புள்ளிகள் பிரிந்து தெரியும் மிகக் குறைந்த தொலைவு), 1.55 மைக்ரோமீட்டர் ஒளிக்கு 15 மைக்ரோமீட்டர். ஓர் ஆடியின் இடைவெளியைவிட அதிகம். 12 × 12 கூட்டுப் பிக்சல்களோடு வேலை செய்பவருக்கு இது பொருட்டன்று. ஓராடிக்கு ஒரு பிக்சல் என்று போக நினைப்பவர், அளக்கத் தொடங்கும் முன்பே இந்த எல்லையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.